ஒரு பைக்கு ஏன் இத்தனை சோதனைகள்?

குருத்தணுக்களை உறைய வைக்கும் பையை மாற்ற நேரும்போது, புதிய பையைச் சோதிப்பதிலேயே பல வாரங்கள் கழிகின்றன. தயாரிப்பாளர் சான்றிதழ் கொடுத்த பின்னும் இத்தாமதம் எதற்கு என்று குடும்பத்தார் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் இச்சோதனைகளைச் சுருக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மைலோமா நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய இரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து உறைய வைத்த பின்னரே மெல்பலான் மருந்து மிகுந்த அளவில் செலுத்தப்படுகிறது. அது புற்றணுக்களோடு எலும்பு மஜ்ஜையையும் அழித்துவிடுகிறது. அதன்பின் அவர் மீண்டெழப் பையில் உள்ளதே துணை. அன்று பை கிழிந்தால் வேறொன்று வாங்கிவர இயலாது.

அப்பை படும் பாடும் சாதாரணமானதன்று. டைமெத்தில் சல்பாக்சைடு கலந்த அணுக்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் குளிர்விக்கப்பட்டு, திரவ நைட்ரஜன் ஆவியில் −150 டிகிரிக்கும் கீழான குளிரில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அதனுள் கிடக்கின்றன. (அணுக்களை ஏற்றிய பின் மூச்சில் பூண்டு வாடை வீசுவது அவ்வேதிப்பொருளால்தான், அஞ்ச வேண்டாம்.) பின்னர் 37 டிகிரி வெந்நீரில் சில நிமிடங்களில் அவை உருக வேண்டும். ஒட்டுவாயில் மயிரிழை விரிசல் இருப்பின் பெரும்பாலும் அப்போதுதான் வெளிப்படும்.

ஒருவருடைய பையின் கேடு அவரோடு நிற்பதுமில்லை. உறைநிலைத் தொட்டி ஒன்றின் வழியே ஹெபடைடிஸ் பி கிருமி நோயாளிகளுக்குப் பரவியதை 1995இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

தயாரிப்பாளர் தம் ஆய்வகத்தில் சோதித்திருப்பார். எங்கள் உறைவிப்பானோடும் உலோகப் பேழையோடும் மூடும் கருவியோடும் அப்பை ஒத்துப்போகிறதா என்பதை நாங்களே அறிய வேண்டும். முதலில் அணுக்களற்ற கரைசலை நிரப்பி, உறைய வைத்து, உருக்கிக் கசிவு பார்க்கிறோம். அடுத்து உண்மையான அணுக்களைப் பழைய பையிலும் புதிய பையிலும் பாதிப் பாதியாக வைத்து, உருக்கியபின் எத்தனை உயிரோடிருக்கின்றன, நுண்ணுயிர் கலந்துள்ளதா என ஒப்பிடுகிறோம். நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 அணுக்கள் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஆகவே சிறு இழப்பும் கணக்கில் வரும். உயிரோடிருந்தும் பெருகாத அணுக்களால் பயனில்லை. ஆதலால், ஆய்வகத் தட்டில் அவற்றை வளர்த்துப் பார்க்க இரு வாரங்கள் ஆயினும் அதைக் கைவிட உடன்படோம்.

இதற்குப் பயன்படுபவை சிகிச்சைக்கு இனித் தேவைப்படாத அணுக்கள். அவற்றையும் எழுத்து வடிவ இசைவின்றித் தொடலாகாது. சில வேளை அந்த இசைவைக் கேட்க வேண்டியது அன்பரை இழந்த குடும்பத்தாரிடம். அவர்கள் மறுத்தால் காரணம் கேட்பதும் தகாது.

அணுக்களை ஒரே பையில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வைத்தால் செலவும் இடமும் கூடும். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும் என்பதால், இயன்ற இடத்தில் அதையே நாங்கள் விரும்புகிறோம். உங்கள் அணுக்கள் எவ்வகைப் பையில், எத்தனை பைகளில் உள்ளன என்று சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.