வண்டிக்கு முன்னால் வழியைப் பாருங்கள்

மின்சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கடையில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். எந்த மாடல், ஒரு முறை மின்னூட்டினால் எவ்வளவு தூரம் போகும், என்ன விலை? ஆனால் யோசிக்கத் தொடங்கவேண்டிய இடம் உங்கள் புளோக்கின் மின்தூக்கி வாசல். அங்கிருந்து வேலையிடம் வரை வழி சரியாக இருந்தால்தான் வண்டி பயன்படும்.

சிங்கப்பூரில் மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்டக்கூடாது. சாலையிலும், சைக்கிள் பாதையிலும், பூங்கா இணைப்புப் பாதையிலும் ஓட்டலாம். விரைவுச்சாலையில் கூடாது. சாதாரண சைக்கிள் நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் போகலாம்; மின்சைக்கிளுக்கு அந்த அனுமதி இல்லை. ஆகவே, நடைபாதை மட்டும் உள்ள இடங்களில் இறங்கித் தள்ளவேண்டும். வண்டியின் எடை 20 கிலோவுக்குள்தான் இருக்கவேண்டும் என்பது விதி. ஆனாலும் வெயிலில் அரை கிலோமீட்டர் தள்ளினால் அது லேசாகத் தெரியாது. நடைபாதையில் நடப்பவர்கள் நம் தாத்தா பாட்டிகளும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும்தான் என்பதை நினைத்தால், இந்த விதியின் நியாயம் புரியும்.

மின்சைக்கிள் நன்றாகக் கைகொடுப்பது மூன்று முதல் ஏழு கிலோமீட்டர் வரையிலான பயணங்களுக்கு. நடக்க அது அதிக தூரம். பேருந்து என்றால் காத்திருந்து, சுற்றிப் போய், சில சமயம் மாறி ஏறவேண்டும். ஐந்து கிலோமீட்டரை சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 நிமிடம். எந்த நாளும் அதே 20 நிமிடம் என்பதுதான் இதன் பெரிய லாபம். நள்ளிரவுக்குப் பிறகு வேலை முடிபவர்களுக்கு இன்னும் பெரிய உதவி.

மின்சாரச் செலவு மிகக் குறைவு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் மின்கலம் என்றால் 360 வாட்-அவர். அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் முழு மின்னூட்டத்துக்கு 11 காசு. ஆனால் டயர், பிரேக் கட்டை, சில ஆண்டுகளுக்குப் பிறகு புது மின்கலம் என்று வரும் செலவுகளையும் கணக்கில் சேருங்கள். சாதாரண சைக்கிளைவிட எடை கூடுதல் என்பதால் பிரேக் விரைவில் தேயும். சந்தைக்குப் போய்வருவதென்றால், அரிசி மூட்டையைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். திருப்பத்தில் வண்டி இழுத்துவிடும். பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகள்தான் சரி.

சட்டப்படி, மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவவேண்டும். அதன் திறன் 250 வாட்டுக்குள் இருக்கவேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் உதவி நின்றுவிடவேண்டும். கைப்பிடியைத் திருகினாலே ஓடும் வண்டியையோ, கூடுதல் மின்கலம் பொருத்திய வண்டியையோ மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரையும், பதிவு எண் பலகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாலையில் தலைக்கவசம் கட்டாயம்.

குடும்பத்தில் பலர் ஒரே வண்டியைப் பயன்படுத்துவதாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2022 ஜனவரி 1 முதல் மின்சைக்கிள் ஓட்டுபவர்கள் கோட்பாட்டுத் தேர்வில் தேறியிருக்கவேண்டும். கணவர் தேறினால் மனைவிக்கும் சேர்த்து ஆகாது. இருவரும் தனித்தனியாக எழுதவேண்டும். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை, “கீழே ஒரு சுற்று மட்டும்” என்று கெஞ்சினாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் கவனிக்கவேண்டியது மின்கலம். கழற்றக்கூடிய மின்கலம் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கினால், வண்டியைக் கீழே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நல்ல பூட்டுப் போட்டு விட்டுவிட்டு, மின்கலத்தை மட்டும் மேலே கொண்டுவரலாம். ஆனால் அதை வாசல் கதவருகே மின்னூட்டாதீர்கள். லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் தீ மளமளவென்று பரவும். வெளியேறும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். மெத்தை, திரைச்சீலை, அட்டைப்பெட்டிகளிலிருந்து தள்ளி வையுங்கள். வண்டியோடு வந்த மின்னூட்டியையே பயன்படுத்துங்கள். இரவில் செருகிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மாலையில் எல்லாரும் விழித்திருக்கும்போது மின்னூட்டுங்கள். அடிபட்டு உப்பிய மின்கலத்தை மறுபடி பயன்படுத்தவே வேண்டாம்.

தீவெங்கும் சைக்கிள் பாதைகளை 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டராக நீட்டிக்கும் திட்டம் நடக்கிறது. ஆனாலும் உங்கள் பேட்டையில் இன்று என்ன இருக்கிறது என்பதே உங்களுக்கு முக்கியம். பணம் கட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை வாடகைப் பகிர்வு சைக்கிள் ஒன்றை எடுத்து, வேலையிடம் வரை போய்ப் பாருங்கள். நடைபாதை வரும் இடமெல்லாம், மின்சைக்கிள் என்றே நினைத்து இறங்கித் தள்ளுங்கள். தள்ளிய நிமிடங்களைக் கூட்டுங்கள். ஐந்துக்குள் இருந்தால் கடைக்குப் போகலாம். பதினைந்தைத் தாண்டினால், உங்கள் பக்கத்தில் புதுப் பாதை வரும்வரை பேருந்தே மேல்.