ஹெரால்டைச் சுரண்டாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இல்லாதவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்க ஆசைப்படுகிறவர்களும் கடைசி வரை படித்தே ஆக வேண்டும். டீச்சர் உத்தரவு.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பையன் (பையன் என்ன, நாற்பத்தெட்டு வயது ஆகிறது) தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் படங்களைப் போட்டிருந்தான். மினுமினுக்கும் சிவப்பு மெட்டாலிக் பெயின்ட், அலாய் வீல், தோல் இருக்கை, டேஷ்போர்டில் டச் ஸ்கிரீன். பானெட்டைத் திறந்தால் உள்ளே மாருதி என்ஜின். பழைய என்ஜின் எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு, இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாச்சு என்று சிரிப்பு பொம்மையோடு பதில். "முழு ரெஸ்டோரேஷன், ஏழு லட்சம் ஆச்சு" என்று பெருமை வேறு. கையெடுத்துக் கும்பிடும் பொம்மைகள் எண்பது வந்தன. நான் ஒன்றும் எழுதவில்லை. பத்துப் பேர் நடுவில் பிள்ளையைத் திட்டும் வழக்கம் எனக்கு வகுப்பிலேயே கிடையாது. ஆனால் மறுநாள் மூன்று பேர் அந்தப் பட்டறையின் நம்பரைக் கேட்டிருந்தார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

பிள்ளைகளே, ரெஸ்டோரேஷன் என்றால் இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவருவது. இது என்ன? ஹெரால்டின் தோலை உரித்து இன்னொரு காருக்குப் போர்த்தியது. செய்துகொள்ளுங்கள், உங்கள் காசு. அதற்கு ரெஸ்டோரேஷன் என்று பெயர் வைக்காதீர்கள் என்பதுதான் என் சண்டை.

அந்தப் பையன் எதை எடைக்குப் போட்டான் என்று அவனுக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஹெரால்டு நம் வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்யப்பட்ட கார். வடிவம் மிச்செலாட்டி என்ற இத்தாலியர் வரைந்தது. 948 சிசி என்ஜின். முன்பக்க மட்கார்டோடு சேர்த்து பானெட் முழுவதும் முன்னால் கவிழும். என்ஜினைச் சுற்றி நின்று மூன்று பேர் வேலை பார்க்கலாம். இன்றைய கார்களைப் போல உடம்பே சட்டமாக இல்லாமல் அடியில் தனிச் சட்டம் உண்டு. சந்து பொந்தில் ஆட்டோ மாதிரி திரும்பும். 1960-களின் கடைசியில் அதற்கு நான்கு கதவு வைத்தார்கள். அந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது. நம் ஊர்த் தொழிலாளர்கள் செய்தது மட்டும்தான். 1970-களில் கெஸல் வந்தது, போனது. பிறகு ஸ்டாண்டர்டு 2000 வந்தது, அதுவும் போனது. 1980-களின் கடைசியில் தொழிற்சாலையே மூடியாயிற்று. இனி ஒரு ஹெரால்டு பிறக்காது. இருக்கிறதில் ஒன்றின் என்ஜினைத்தான் கிலோ கணக்கில் விற்றிருக்கிறான், என்னிடம் படித்த பிள்ளை.

"டீச்சருக்குக் கார் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கப் போகிற மருமகப்பிள்ளைகளுக்கு: எங்கள் அப்பா 1974-ல் இரண்டாம் கையாக வாங்கிய நான்கு கதவு ஹெரால்டு இன்றும் என் வீட்டுத் திண்ணை ஓரத்தில் நிற்கிறது. ஓடுகிறது. அப்பாவுக்குப் பிள்ளை இல்லை, மூன்றும் பெண். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற வேலை மூத்தவளான எனக்கு. அந்தக் காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் கட்டியாகி மேலே நின்றுவிடும், தண்ணீர் இறங்கும், துரு பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கி உட்காரும். அப்பா இதைச் சொல்லாத மாதம் இல்லை. ஏழு லட்சம் வாங்கிய பட்டறை ட்ரன்னியனுக்கு என்ன போட்டது என்று அந்தப் பையனைத் தனியாகக் கேட்டேன். "அது எதுக்கு டீச்சர்?" என்றான். வெளியே பளபளப்பு, உள்ளே இதுதான் நிலைமை.

எங்கள் காரைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு எழுபத்தாறு வயது. கார்புரேட்டரில் காதை வைத்துக் கேட்டே திருகைக் கால் சுற்றுத் திருப்புவார். பாயிண்ட் இடைவெளியைக் கேஜ் இல்லாமல் நகத்தால் அளப்பார், பிறகு கேஜ் வைத்துக் காட்டுவார், சரியாக இருக்கும். அவர் பட்டறையில் இப்போது ஒரு கையாள் கூட இல்லை. மகன் மொபைல் கடை வைத்துவிட்டார். ஏழு லட்சத்தில் இரண்டு ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுத்து அவர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம்? நான் கணக்கு டீச்சர், நீங்களே போட்டுப் பாருங்கள். பெயின்டை நாளைக்கும் அடிக்கலாம். அவர் விரலில் இருப்பதை நாளைக்கு எங்கே போய் வாங்குவீர்கள்?

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் நம் ஆட்கள் காது கொடுப்பார்கள், ஆகவே அதையும் சொல்கிறேன். அமெரிக்காவில் பெபிள் பீச் என்ற இடத்தில் ஆண்டுதோறும் பழைய கார்களுக்குப் போட்டி நடக்கிறது. இந்தத் துறையில் அதைவிடப் பெரிய மேடை இல்லை. 2024-ல் அங்கே முதல் பரிசு வாங்கியது 1934-ஆம் வருட புகாட்டி டைப் 59. பெல்ஜியம் அரசர் மூன்றாம் லியோபோல்டு வைத்திருந்த கார். அவர் காலத்துக் கறுப்புப் பெயின்டும் மஞ்சள் கோடும் அப்படியே, வயதின் தழும்போடு. புதுப்பிக்காமல் காப்பாற்றிய கார் அங்கே முதல் பரிசு வாங்கியது அதுதான் முதல் தடவை. ஃபீவா என்ற உலகப் பழங்கார் கூட்டமைப்பின் டூரின் சாசனமும் இதையேதான் சொல்கிறது: முதலில் காப்பாற்று, முடியாதபோது மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. உலகம் அங்கே போய்விட்டது. நாம் இன்னும் பட்டி பூசிக்கொண்டிருக்கிறோம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டிய வாகனத்தை விண்டேஜ் என்று பதிந்து வி.ஏ. எழுத்துள்ள நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது. நம் பையன் விண்ணப்பித்தால் என்ன சொல்வான்? (அந்த நம்பர் வாங்கினால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதனால் நான் வாங்கவில்லை. எனக்கு மார்க்கெட் போக வேண்டும்.)

"அந்தக் காலத்தில் பிளிமத், டாட்ஜ் எல்லாவற்றிலும் டீசல் என்ஜின் மாற்றி ஓட்டினார்களே டீச்சர்" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஆமாம், ஓட்டினார்கள். பிளஷர் என்று நாம் கைகாட்டி நிறுத்திய வாடகைக் கார்கள் அவை. பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, அந்த வண்டியை நம்பி ஒரு குடும்பம் சாப்பிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நீங்கள் கல்யாண ஊர்வலத்துக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் மாற்றுகிறீர்கள். இரண்டும் ஒன்றா?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கிழவி எதையும் தொடாதே என்கிறாள் என்பீர்கள். பிரேக் ஷூ, வீல் சிலிண்டர் ரப்பர், டயர், நைந்த வயர் இவற்றில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும், அதைத் தாங்கும் ஹோஸாகப் போடுங்கள். அடித்தளத் தகடு ஓட்டையாகி ரோடு தெரிந்தால் வெட்டி வெல்டிங் வைக்கத்தான் வேண்டும். ஆனால் கழற்றிய ஒவ்வொரு சாமானையும் சாக்கில் போட்டுச் சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள், இரும்புக் கடைக்காரர் கண்ணில் காட்டாதீர்கள். மாற்றுவதற்கு முன் படம் எடுங்கள். அப்பா உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த ரெக்ஸின் இருக்கையைப் புதுசாக்கினால் அது யாருடைய கார்?

ஓட்டுங்கள், அதுதான் பாதிப் பராமரிப்பு. தார்ப்பாய் போட்டு மூடி வைத்த காரில் ஈரம் தங்கும், எலி வயரைக் கடிக்கும், பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சி சிலிண்டர் இறுகும். வாரம் ஒருமுறை இருபது கிலோமீட்டர், என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கணக்கில் வராது.

மெக்கானிக் ஐயாவிடம் பேசிவிட்டேன். வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என் வீட்டில் ஹெரால்டின் கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டிக் காட்டச் சம்மதித்திருக்கிறார். கூலி நான் கொடுக்கிறேன். ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அனுப்புங்கள், பெண் பிள்ளைகளையும்தான். சிவப்புக் கார்க்காரத் தம்பி, நீயும் வா. வருகிற வழியில் அந்த இரும்புக் கடையில் என்ஜின் இன்னும் கிடக்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா. பழைய சட்டை போட்டு வரவும். இட்லி உண்டு.