அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார்

சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர்களுக்கும் இளையர்களுக்கும்,

மேல்நிலைத் தேர்வு முடியப்போகிறது. பல்கலைக்கழகம் தொடங்க ஆகஸ்ட் ஆகும். தேசிய சேவையை முடித்துவரும் பையன்களுக்கும் கையில் சில மாதங்கள் மிஞ்சுகின்றன. அந்த இடைவெளியைக் குறிவைத்து வரும் விளம்பரங்கள் இந்த ஆண்டும் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிட்டன: கம்போடியாவில் இரண்டு வாரம், நேப்பாளத்தில் ஒரு மாதம், ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம், முன்அனுபவம் தேவையில்லை, கட்டணம் கட்டினால் போதும். பள்ளி ஏற்பாட்டில் போனால் ஆசிரியராவது கூட இருப்பார். தனியாகக் கிளம்பும் பிள்ளைக்கு அந்த விளம்பரம் சொல்வதுதான் வேதவாக்கு. பெற்றோரும் விமானச்சீட்டு விலை என்ன, சாப்பாடு எப்படி, இரவில் வெளியே போகலாமா என்று விசாரித்துவிட்டுச் சரி என்கிறோம். போகிற இடத்தில் நம் பிள்ளை யாருக்கு என்ன செய்யப்போகிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்கச் சொல்லித்தான், பெற்றோரும் ஆசிரியர்களும் முன்னாள் தொண்டூழியர்களுமாகிய நாங்கள் இதை எழுதுகிறோம்.

கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். 2005இல் அங்கே 154 குழந்தை இல்லங்கள் இருந்தன. 2010இல் 269. ஐந்தே ஆண்டுகளில் 75 விழுக்காடு ஏற்றம். அந்த 269இல் அரசாங்கம் நடத்தியவை 21 மட்டுமே. உள்நாட்டுப் போர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துவிட்டது. பிறகு இத்தனை அனாதைகள் எங்கிருந்து முளைத்தார்கள்? முளைத்தவர்கள் சுற்றுப்பயணிகள். அதே ஐந்தாண்டில் அங்கே சென்றவர்களின் எண்ணிக்கை 1.4 மில்லியனிலிருந்து 2.5 மில்லியனாக உயர்ந்தது. இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறியதை வைத்தே ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கம்போடிய அரசும் யுனிசெஃப் அமைப்பும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, இல்லங்கள் நன்கொடைக்காகச் சுற்றுப்பயணிகளை நாடுவதை வெளிப்படையாகவே சொன்னது. அந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். நேப்பாளத்தில் இன்னும் மோசம். 2015 வாக்கில் அங்கே இல்லங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 15,000 பிள்ளைகளில் 85 விழுக்காட்டினருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தார். இல்லங்களோ வறுமை மிகுந்த மலை மாவட்டங்களில் அதிகம் இல்லை. காட்மாண்டு, பொக்காரா, சித்வன் என்று வெளிநாட்டார் வந்திறங்கும் இடங்களில்தான் குவிந்துகிடக்கின்றன.

இது நடக்கும் விதமும் ஒன்றும் மர்மமில்லை. மலைக்கிராமத்துத் தாயிடம் தரகர் போகிறார். நகரத்தில் நல்ல பள்ளி, மூன்று வேளைச் சாப்பாடு என்கிறார். சில குடும்பங்கள் இருந்த கொஞ்சத்தையும் விற்று அவருக்கே பணம் கொடுத்து அனுப்புகின்றன. ஊர் தாண்டியதும் பெற்றோர் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாராகிறது. பிள்ளை மெலிந்து, கிழிந்த சட்டையோடு நின்றால்தான் வருகிறவர் மனம் இளகும், பணம் தருவார். ஆகவே பிள்ளை அப்படியே நிற்க வைக்கப்படுகிறது. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டபோது, இரக்கத்தோடு இந்த வணிகமும் பெருகும் என்று அஞ்சியே நேப்பாள அரசு புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்திவைத்தது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. எல்லா இல்லமும் இப்படி என்று நாங்கள் சொல்லவில்லை. எது எப்படி என்று இரண்டு வாரத்தில் கண்டுபிடிக்க நம் பிள்ளையால் முடியாது என்கிறோம். தெரியாமல் கட்டும் கட்டணமும், ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் தொழிலுக்கு முதலாகிவிடும்.

நல்ல இல்லமாகவே இருந்தாலும் வேறொரு கேடு இருக்கிறது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்றில், இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இரண்டு வயதுக்குள் ஒரு குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தவர்கள் அறிவிலும் பாசப்பிணைப்பிலும் நன்றாகத் தேறினார்கள். இல்லத்திலேயே விடப்பட்டவர்கள் பின்தங்கினார்கள். குழந்தைக்கு வேண்டியது மாறாத ஒரு முகம். நாமோ இரண்டு வாரத்திற்கு ஒரு புது முகத்தை அனுப்புகிறோம். வந்த அன்றே ஓடிவந்து கட்டிக்கொள்கிற குழந்தையைப் பார்த்து நம் பிள்ளைகள் நெகிழ்கிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் தாவி ஏறும் அந்தப் பழக்கமே உள்ளே காயம் இருப்பதற்கு அறிகுறியாக இருக்கலாம். இதையே இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள். பயிற்சியும் இல்லாமல், பின்னணி விசாரணையும் இல்லாமல், மலாயோ தமிழோ மாண்டரினோ ஒரு சொல் தெரியாத 19 வயது வெளிநாட்டுப் பயணி ஒருவர் நம் வட்டாரப் பாலர் பள்ளிக்குள் நுழைந்து பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துப் படம் எடுத்து இன்ஸ்டகிராமில் போட்டால் சும்மா இருப்போமா? காவல்துறையை அழைக்க மாட்டோமா? கம்போடியாவின் சியெம் ரீப்பில் அதைச் செய்துவிட்டு வரும் நம் பிள்ளையை மட்டும் மேடையேற்றிப் பாராட்டுவது எந்த ஊர் நியாயம்?

நாங்கள் போகவில்லையென்றால் அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடப்பார்களே என்று கேட்பவர்கள் உண்டு. தான்சானியாவின் ககேரா வட்டாரத்தில் கணக்குப் பார்த்தார்கள்: இல்லத்தில் ஒரு பிள்ளையை வைத்துக் காக்க ஆகும் செலவு, ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் காக்க ஆவதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு. பசிதான் கவலை என்றால் பணம் போகவேண்டிய இடம் அந்தக் குடும்பம். அப்படியானால் யாருமே வெளிநாடு போகக்கூடாதா என்று இன்னொரு கேள்வி. தாராளமாகப் போகலாம், கையில் தொழில் இருந்தால். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தோனீசியாவின் மூலபோவுக்கு நம் ஆயுதப்படை கப்பலும் ஹெலிகாப்டரும் மருத்துவர்களுமாகப் போனது, உதவியது. அமெரிக்காவின் அமைதிப்படைத் தொண்டூழியர் மூன்று மாதம் மொழியும் வேலையும் பயின்ற பிறகு இரண்டு ஆண்டுகள் அதே ஊரில் தங்குகிறார். பத்து நாளில் சுவருக்குச் சாயம் பூசிவிட்டு, கடைசி மூன்று நாள் கோயில் பார்த்துத் திரும்புவதற்கு நல்ல பெயர் சுற்றுலா. சுற்றுலா போவதில் தவறில்லை, அதை அப்படியே சொல்லிவிட்டுப் போகலாம். இன்னொன்று: நேப்பாளத்தில் சுற்றுப்பயண விசாவில் சம்பளமின்றி வேலை செய்தாலும் சட்டமீறல்தான். விளம்பரத்தில் இதைத் தேடிப் பாருங்கள்.

பிள்ளைகள் உலகம் அறியவேண்டாமா என்பதுதான் மிச்சமிருக்கும் வாதம். வேண்டும். ஆனால் கம்போடியரின் கெமர் மொழியில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாத ஊரில் நம் பிள்ளையிடம் கொடுக்க என்ன இருக்கிறது? இங்கே இருக்கிறது. 2020இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் தங்கியிருந்த சுமார் 323,000 பேரில் 54,505 பேருக்குக் கொவிட்-19 கிருமித்தொற்று பரிசோதனையில் உறுதியானது. ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வந்துபோயிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத்தளத்தில் உழைக்கும் ஒருவர் மருத்துவரிடம் தன் வலியைச் சொல்ல, சம்பளப் பாக்கிக்குப் புகார் மனு எழுத, தமிழும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். முதியோர் இல்லத்தில் பேச ஆளில்லாமல் இருக்கும் தமிழ்ப் பாட்டிக்கும் வேண்டும். ஊழியர் விடுதிகள் இருக்கும் துவாஸுக்குப் போய்வர விமானச்சீட்டு தேவையில்லை. படமும் அவ்வளவு அழகாக வராது. அதனால்தான் ஆள் சேரவில்லையோ என்று கேட்கத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோயில் நிர்வாகங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இத்தகைய பயணங்களுக்கு உண்டியல் வைக்காதீர்கள், பாராட்டுவிழா நடத்தாதீர்கள். விவரம் தெரியாது என்று இனிச் சொல்ல முடியாது. ஐநா பொதுச்சபையே 2019இல் தீர்மானம் நிறைவேற்றி எச்சரித்த விஷயம் இது. பெற்றோர்களே, பணம் கட்டுமுன் அந்த இல்லத்துக்கு எழுதிக் கேளுங்கள்: பிள்ளைகளின் பெற்றோர் எங்கே, கடந்த ஆண்டு எத்தனை பேரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினீர்கள், எங்கள் பிள்ளையின் பின்னணியை எப்படி விசாரிக்கப்போகிறீர்கள்? பதில் வராவிட்டால், அல்லது கட்டணம் செலுத்தும் இணைப்பு மட்டும் பதிலாக வந்தால், விமானச்சீட்டை வாங்காதீர்கள்.