பெட்டி நம்மது... சக்கரம் யாருது?

மக்களே, இந்த வாரம் உங்களை எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். வாலாஜாபாத்! செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில் பாதையில, காஞ்சிபுரத்துக்கு முன்னாடி வர்ற ஊர். 'பெரிய ஊரா?'ன்னு கேக்காதீங்க. ஒரு பஸ் ஸ்டாண்ட், ஒரு ஸ்டேஷன், பக்கத்துல பாலாறு. ஆத்துல தண்ணி இருக்கான்னும் கேக்காதீங்க!

ஆனா, எங்க ஸ்டேஷன்ல ஒரு செம வேடிக்கை இருக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகுற புத்தம்புது கார்கள் இங்கே வந்துதான் ரயில் ஏறும். ஒரு ரயிலுக்கு 25 பெட்டி, 125 கார். ரயிலோட ஒரு கோடியில சாய்தளம் போட்டு முதல் காரை உள்ளே விடுவாங்க. அது பெட்டிக்குள்ள பெட்டியா ஓடிப் போய் மறுகோடியில நிக்கும். அடுத்த கார் அதுக்குப் பின்னாடி. அந்தச் சந்துல டிரைவர் அண்ணன்கள் ஓட்டுற அழகைப் பார்த்தா, நம்ம லைசென்ஸை ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே திருப்பிக் கொடுத்துடலாம்னு தோணும். இங்கே ஏறின கார், நேபாள எல்லை வரைக்கும்கூட போயிருக்கு!

ஒருநாள் பராக்குப் பார்த்துட்டு நின்னப்போதான் உறைச்சது. அந்தப் பெட்டிங்க சரக்குப் பெட்டி மாதிரியே இல்லை. கூரையோட வளைவு, அடியில இருக்கிற சக்கர அமைப்பு எல்லாமே நாம தீபாவளிக்கு ஊருக்குப் போற ரயில் மாதிரி! ஜன்னல் இருக்க வேண்டிய இடத்துல மட்டும் தகரம்.

விசாரிச்சா, அதேதான். இருபது வருஷத்துக்கு மேல பயணிகளைச் சுமந்துட்டு ரிட்டயர்டு ஆன பெட்டிகள். சீட், பெர்த், ஃபேன் எல்லாத்தையும் கழட்டிட்டு, ரெண்டு கோடியிலயும் கதவு வெச்சு, கார் ஏத்துற வண்டியா மாத்திடுறாங்க. 'என்.எம்.ஜி.'ன்னு பேரு. உங்க தாத்தா திருப்பதிக்குப் போன பெட்டியில, இன்னிக்கு ஒரு புது கார் போய்க்கிட்டு இருக்கலாம். சாகாவரம் வாங்கின அந்தப் பெட்டியோட டிசைனுக்குப் பேரு ஐ.சி.எஃப். நம்ம பெரம்பூர்!

சுவிஸ் வாத்தியார்... பெரம்பூர் ஸ்டூடன்ட்!

'இன்டக்ரல் கோச் ஃபேக்டரி'. எம்-1 பேப்பர்ல நம்மளை அழ வைக்கிற இன்டக்ரல் இல்லை பாஸ். தரை, சுவர், கூரை மூணும் ஒரே இரும்புக் கூடா சேர்ந்து பாரத்தைத் தாங்குறதுதான் இங்கே 'இன்டக்ரல்'. அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல ஓடினதுல நிறைய பெட்டிங்க, இரும்புச் சட்டத்து மேல மர உடம்பு. விபத்து நடந்தா ஒரு பெட்டி இன்னொண்ணுக்குள்ள சொருகிடும். அதைத் தடுக்கத்தான் இந்த இரும்புக் கூடு.

இந்த வித்தை சுவிட்சர்லாந்துல இருந்து வந்தது. ஜூரிச் பக்கத்துல 'ஷ்லீரன்'னு ஒரு ஊர். அங்கே இருந்த கம்பெனியோட 1949-ல ஒப்பந்தம். 1955 அக்டோபர் 2-ம் தேதி நேரு வந்து ஃபேக்டரியைத் திறந்து வெச்சார். முதல்ல வெறும் கூடு மட்டும்தான் தயாராச்சு. சீட், லைட், பெர்த் போடுற ஃபர்னிஷிங் பிரிவு 1962-லதான் வந்தது. அப்புறம் தாய்லாந்து, தைவான், இலங்கைன்னு ஏற்றுமதி வரைக்கும் போயாச்சு. கத்துக்கிட்ட பையன் கடை போட்டு வித்த கதை.

ஆனா, ஒரு 'ஆனா' இருக்கு. ஐ.சி.எஃப். டிசைன்ல கடைசிப் பெட்டி ஃபேக்டரியை விட்டு வெளியே வந்தது 2018 ஜனவரியில. அறுபது வருஷத்துக்கு மேல நடுநடுவுல திருத்தங்கள் பண்ணினாங்க. ஆனா, அடிப்படை அதே ஷ்லீரன் டிசைன்தான். அதுக்குப் பதிலா வந்த எல்.எச்.பி. பெட்டியும் ஜெர்மனியில வாங்கின டெக்னாலஜிதான்.

சீனா என்ன பண்ணுச்சு?

இதே கதையைச் சீனாப் பக்கம் போய்ப் பாருங்க. ரயில் தயாரிக்கிறதுல உலகத்துலயே பெரிய கம்பெனி, சி.ஆர்.ஆர்.சி. ரெண்டு அரசு கம்பெனிகளை 2015-ல ஒண்ணாக்கி உருவாக்கினாங்க. கம்பெனிக்குத்தான் வயசு கம்மி. அதுல இருக்கிற ஃபேக்டரிகள் கொள்ளுத்தாத்தா காலத்து ஆளுங்க. சிங்தாவ் நகரத்துல இருக்கிற ஸிஃபாங் ஃபேக்டரியை 1900-ல ஆரம்பிச்சது, அந்த ஊரை அப்போ கையில வெச்சிருந்த ஜெர்மன்காரங்க!

2004-ல சீனா அதிவேக ரயிலுக்கு வெளிநாட்டுக் கதவைத் தட்டுச்சு. ஜப்பானோட கவாஸாகி, பிரான்ஸோட அல்ஸ்டாம், கனடாவோட பாம்பார்டியர், அடுத்து ஜெர்மனியோட சீமென்ஸ். நாலு பேர்கிட்டயும் ஒரே கண்டிஷன்... ரயிலை எங்க ஃபேக்டரியில செய்வோம், சொல்லித் தரணும். 2007-ல அந்த ரயில்கள் ஓட ஆரம்பிச்சாச்சு. 2017-ல 'ஃபூஷிங்'கிற சொந்த டிசைன், பெய்ஜிங் - ஷாங்காய் பாதையில மணிக்கு 350 கிலோமீட்டர். கத்துக்கிட்டதை மாத்தி எழுதிட்டு சொந்தம்னு சொல்றாங்கன்னு கவாஸாகி தரப்புக்கு வருத்தம் இருந்தது வேற கதை. நமக்கு வேண்டிய கணக்கு, 13 வருஷம். ஒரே வாத்தியாரோட நோட்ஸை வெச்சு 60 வருஷம் ஓட்டாம, நாலு பேர் நோட்ஸையும் வாங்கி அஞ்சாவதா சொந்த நோட்ஸ் எழுதிட்டாங்க!

அவங்க ரயில் நம்ம நாட்டுலயும் ஓடுது. நொய்டா, நாக்பூர், கொல்கத்தா மெட்ரோக்கள்ல. இலங்கையில இன்னும் சுவாரஸ்யம். அங்கே 'எஸ்-12' ரயில், சீன ஸிஃபாங் செஞ்சது. அடுத்து வந்த 'எஸ்-13', நம்ம பெரம்பூர் செஞ்சது!

பதினெட்டு மாசத்துல ஒரு பதில்

பெரம்பூர் சும்மா இருந்துச்சான்னா, இல்லை. 2018-ல 'ட்ரெயின் 18'. தனியா இன்ஜின் கிடையாது. ஒரு பெட்டி விட்டு ஒரு பெட்டிக்கு அடியில மோட்டார். டிசைன்ல ஆரம்பிச்சு ஓட்டிக் காட்டுற வரைக்கும் சுமார் 18 மாசம், செலவு சுமார் 100 கோடி ரூபாய். சோதனை ஓட்டத்துல 180-ஐத் தாண்டுச்சு. 2019 பிப்ரவரி 15-ல டெல்லி - வாரணாசி. இன்னிக்கு நாம 'வந்தே பாரத்'னு செல்ஃபி எடுக்கிற வண்டி இதுதான். அதே 2018-19-ல பெரம்பூர்ல தயாரான பெட்டிகள் 3,000-க்கும் மேல. எண்ணிக்கையில சீனாவையே முந்திட்டோம்னு பேப்பர்ல எல்லாம் வந்தது.

அடுத்து 44 வந்தே பாரத் ரயிலுக்கு டெண்டர். போட்டி போட்ட ஆறு பேர்ல ஒண்ணு, சி.ஆர்.ஆர்.சி. கூட்டு வெச்சிருந்த கம்பெனி. எல்லையில கல்வான் மோதல் நடந்த நேரம். 2020 ஆகஸ்ட்ல டெண்டரே ரத்து. புது விதிகளோட மறுபடி விட்டு, 2021-ல ஹைதராபாத்தோட மேதா கம்பெனிக்குப் போச்சு. 'சீனாவுக்கு டாட்டா'ன்னு ஸ்டேட்டஸ் போட்டவங்க கூட்டத்துல நானும் ஒருத்தன்!

இப்போதான் க்ளைமாக்ஸ். வந்தே பாரத்துக்குச் சக்கரம் உக்ரைன்ல இருந்து வரணும். 2022 பிப்ரவரியில அங்கே போர். கொஞ்சம் சக்கரங்களை ருமேனியா வரைக்கும் லாரியில கொண்டு வந்து, விமானத்துல ஏத்தி எடுத்துட்டு வந்தாங்க. ரயில் சக்கரம் ஃபிளைட்ல! அதே வருஷம் ரயில்வே 39,000 சக்கரம் ஆர்டர் கொடுத்துச்சு. எந்த நாட்டுக் கம்பெனிக்கு? கரெக்ட்... சீனா!

சக்கரம்னா சும்மா உருண்டை இரும்பு இல்லை மக்களே. பெங்களூரு யெலஹங்கா ரயில்வே ஃபேக்டரியில அச்சுல ஊத்தி வார்க்கிற சக்கரம் வண்டி வண்டியா தயாராகுது. ஆனா, வேகமா ஓடுற ரயிலுக்கு வேண்டியது 'ஃபோர்ஜிங்' சக்கரம். பழுக்கக் காய்ச்சின இரும்பை ராட்சத பிரஸ்ல அமுக்கி உருவாக்கணும். அப்போதான் உள்ளே சின்ன ஓட்டையோ விரிசலோ இல்லாம கெட்டியா வரும். அது நம்மகிட்ட தேவைக்குப் பத்தலை. 2023-ல ராமகிருஷ்ணா ஃபோர்ஜிங்ஸ் - டிட்டாகர் கூட்டணியோட ஒப்பந்தம் போட்டாங்க. வருஷத்துக்கு 80,000 சக்கரம், 20 வருஷத்துக்கு. அதுக்கான ஃபேக்டரிக்குத் தேர்ந்தெடுத்த இடம், நம்ம கும்மிடிப்பூண்டி!

சரி, நமக்கு என்ன?

போன லீவுல ஒரு கம்பெனிக்கு இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போனேன். பேர் வேண்டாம். சின்னதா ஒரு பிராக்கெட்டைக் காட்டி, "சார், இங்கே ஏன் 6 மில்லிமீட்டர் திக்னஸ்? 5 வெச்சா தாங்காதா?"ன்னு கேட்டேன். சூப்பர்வைசர் சிரிச்சார். "தம்பி, டிராயிங் மேல இருந்து வரும். நாம டைட் பண்றதோட சரி. நானும் சேர்ந்த புதுசுல கேட்டேன்."

'மேல'ன்னா மாடி இல்லை மக்களே. வேற நாடு!

அந்தக் கடைசி வரி, பஸ்ல திரும்பி வர்றப்போ காதுலயே நின்னுச்சு. எங்க ஊரைச் சுத்தி இத்தனை ஃபேக்டரி. எங்க தெருவுல பாதிப் பேருக்கு அதுதான் சோறு, அதைக் குறை சொல்லலை. ஆனா 6 மில்லிமீட்டர் ஏன்னு தெரிஞ்சவன் எங்கேயோ இருக்கான். தெரியாத வரைக்கும் ஒரு போர் வந்தா, ஒரு எல்லைச் சண்டை வந்தா, நம்ம வண்டி சக்கரம் இல்லாம நிக்கும். சீனாவைத் திட்டுறதால சக்கரம் வராது. அவங்க வாத்தியாரை மாத்திக்கிட்டே இருந்ததுல இல்லை விஷயம். 'ஏன்?'னு கேட்டு, பதில் கிடைக்கிற வரைக்கும் விடலை.

மெக்கானிக்கல், புரொடக்‌ஷன், மெட்டலர்ஜி படிக்கிறவங்களே... 'கோர்ல வேலை இல்லை, பேசாம ஐ.டி.க்குப் போயிடு'ன்னு வீட்டுலயும் ஹாஸ்டல்லயும் சொல்றாங்க. எனக்கும்தான். பிளேஸ்மென்ட் லிஸ்ட்டைப் பார்த்தா எனக்கும் வயித்தைக் கலக்குது. நாளைக்கு நான் எங்கே போவேன்னு எனக்கே தெரியாது. ஆனா ஃபைனல் இயர் புராஜெக்ட்டை யாரோ பண்ணினதைக் காசு கொடுத்து வாங்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு பாகம், அது ஏன் அந்த அளவுன்னு நானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கணும்.

நீங்களும் ஒரு ஞாயித்துக்கிழமை ஐ.சி.எஃப். பக்கத்துல இருக்கிற சென்னை ரயில் மியூசியத்துக்குப் போயிட்டு வாங்க. 2002-ல திறந்தது. பெட்டியோட மேக்கப்பை மட்டும் பார்க்காம, குனிஞ்சு அடியில பாருங்க. போகின்னா நாம முழுப் பெட்டியையும் சொல்றோம். இன்ஜினீயருக்குப் போகின்னா அடியில இருக்கிற சக்கர வண்டிதான். அங்கேதான் விஷயமே இருக்கு.

மியூசியத்துக்கு வர முடியாதவங்க எங்க ஊருக்கு வாங்க. கார் ஏத்துற பெட்டியோட அடியில, சுவிஸ்காரங்க சொல்லிக் கொடுத்த பாடம் இன்னும் உருண்டுக்கிட்டு இருக்கு. டீ என் செலவு!