ஒன்று குறைக்காதே, மணி கேள்!

அண்ணன் மகன் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றான். "சித்தப்பா, என் கல்யாணத்துக்கு வெப் பக்கம் ரெடி! முகூர்த்தத்துக்கு இன்னும் எத்தனை நாள், மணி, நிமிஷம், நொடின்னு எப்படி இறங்குது பாருங்க."

இறங்கியது. ஸ்ரீஹரிகோட்டா தோற்றது.

"சிங்கப்பூர் அத்தைக்கு முட்டி ஆபரேஷன், வர முடியாது. இதைப் பார்த்துத்தான் லைவ்ல உட்காரப் போறாங்க" என்றான். ஆக, விளையாட்டுச் சமாசாரம் இல்லை.

பக்கத்து டேபில் கிரிக்கெட். அரை மணி அங்கே போய்விட்டது. திரும்பி வந்தால், முகூர்த்தத்துக்கான நேரம் ஐந்தரை நிமிஷம்தான் குறைந்திருந்தது! இதை நம்பினால் அக்கா பார்க்கப் போவது தாலி கட்டையல்ல, பந்தியை.

பயல், 'ஆயிரம் மில்லிசெகண்டுக்கு ஒரு தரம் ஒன்று குறை' என்று செட்இன்டர்வெலிடம் சொல்லியிருந்தான். அது கடிகாரம் இல்லை சார், எழுப்பிவிடும் வாட்ச்மேன். வேறு வேலை இருந்தால் தாமதமாக வருவார். டேப் மறைந்திருந்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்க பிரவுசரே அவரைத் தூங்கவைத்துவிடும். 2021-ல் வந்த குரோம் 88-லிருந்து, ஐந்து நிமிஷத்துக்கு மேல் மறைந்துகிடக்கும் டேபில் நிமிஷத்துக்கு ஒரு முறைதான் எழுப்புவார். முதல் ஐந்து நிமிஷம் ஒழுங்கு. அடுத்த 25 நிமிஷத்துக்கு வெறும் 25 நொடி. கணக்கு சரியாப் போச்சா?

மருந்து சுலபம். எண்ணாதே, ஒவ்வொரு தரமும் மணி கேள். ஜாவாஸ்கிரிப்ட்டில் நேரம் என்பது 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மில்லிசெகண்டுகள். முகூர்த்த எண்ணிலிருந்து 'இப்போது' எண்ணைக் கழி. மிச்சத்தை 8,64,00,000-ஆல் வகுத்தால் நாள். மீதியை 36,00,000-ஆல் வகுத்தால் மணி, அதன் மீதியை 60,000-ஆல் வகுத்தால் நிமிஷம், 1,000-ஆல் நொடி. வாட்ச்மேன் எவ்வளவு தூங்கினாலும், விழித்ததும் சொல்வது சரியான நேரம்.

இன்னும் இரண்டு பள்ளம் உண்டு. மாதத்தை எண்ணாகத் தந்தால் ஜனவரி 0. 1995-ல் பிரெண்டன் ஐக் பத்து நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதியபோது ஜாவாவிடமிருந்து வாங்கிய வழக்கம். பிப்ரவரிக்கு 2 என்று போட்டால் கல்யாணம் மார்ச்சுக்குப் போய்விடும். மண்டபக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது ஊர் நேரம். காலை 9 மணி என்று மட்டும் எழுதினால், பார்க்கிறவர் ஊர் 9 மணியாக எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரில் 9 அடிக்கும்போது நமக்கு 6.30. அக்கா இரண்டரை மணி நேரம் காலி மேடையையும் சேர் அடுக்குகிறவரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். தேதி, நேரத்தின் கடைசியில் +05:30 என்று ஒட்டிவிட்டால் உலகம் பூரா ஒரே முகூர்த்தம்.

எல்லாம் திருத்தினான். "சித்தப்பா, பூஜ்யம் வந்தப்புறம்?"

"நிறுத்தச் சொல்லுடா. இல்லாட்டி மைனஸ்ல ஓடும்."

"நின்னதும் என்ன காட்டலாம்?"

"'அத்தை, அட்சதை போடுங்க'ன்னு காட்டு."

பயல் சிரிக்கவில்லை. அப்படியே டைப் அடித்தான்.