நில் என்னும் ஆணை

கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடியில் பதநீர் காய்ச்சும் தாய்மார் நன்கு அறிந்த உண்மை ஒன்றுண்டு. அடுப்பை எரித்தல் மட்டும் போதாது. பாகு பக்குவம் அடைந்ததும் தீயைத் தணித்தலும் வேண்டும். நம் உடலின் வளர்ச்சியும் இத்தகையதே.

பெண் பருவமெய்தும்போது சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பைக் குருதியில் கலக்கிறது. மார்பகத்தின் சில உயிரணுக்களுக்குள் அதனை ஏற்கும் ஏற்பிகள் உள்ளன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அது பொருந்தியதும், 'வளர்க' என்னும் ஆணை பிறந்து அண்டை உயிரணுக்களுக்கும் எட்டுகிறது. கருவுற்ற காலத்தில் புரோஜெஸ்டிரோன் முதலிய சுரப்புகள் பால் சுரப்பிகளை உருவாக்குகின்றன. குழந்தை பால் மறந்ததும் வேறோர் ஆணை வருகிறது. பால் தந்த உயிரணுக்களுள் பெரும்பாலானவை தாமே மடிந்து அகல்கின்றன.

மரபணுக்களில் நேரும் பழுதுகளால் 'நில்' என்னும் ஆணைக்குப் பணியாது பெருகும் உயிரணுவே புற்றாகிறது. சில கட்டிகளை ஈஸ்ட்ரோஜன் வளர்க்கிறது. வேறு சிலவற்றில் ஹெர்-2 என்னும் ஏற்பி அளவுக்கு மிஞ்சி, ஓயாது வளர்ச்சியைத் தூண்டுகிறது. இவ்விரண்டும் சாராத கட்டிகளும் உண்டு.

1896ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சூலகங்களை அகற்றியபின் மார்பகப் புற்று சுருங்கியதைக் கண்டு வெளியிட்டார். இன்றோ தமாக்சிபென் மாத்திரை ஈஸ்ட்ரோஜனின் இடத்தைத் தான் பற்றிக்கொண்டு அதன் ஆணையைத் தடுக்கிறது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் ஊசி ஹெர்-2 ஏற்பியைக் கட்டுப்படுத்துகிறது.

எந்த மருந்து எவருக்கு உதவும் என்பதைக் கட்டியின் சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்தே அறிய முடியும். "ஊசி பட்டால் நோய் பரவிவிடும்" என்றஞ்சி நம் இல்லங்கள் பலவற்றில் இப்பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறோம். அவ்வச்சத்தால் இழப்பது காலத்தையே.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 2021இல் மறையும்வரை அங்குப் பணியாற்றிய டாக்டர் சாந்தா, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதன் இன்றியமையாமையை இடைவிடாது வலியுறுத்தினார்.

தாய்மாரே, மார்பில் காணும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல. ஆயினும் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லை என்று வாளாவிருத்தல் தகாது. நாணத்தால் மறைத்தலும் வேண்டா. இல்லத்தலைவர்களே, உங்கள் மனைவியோ அன்னையோ தயங்கிச் சொல்லும் அந்த ஒரு சொல்லைப் பொறுமையுடன் கேளுங்கள். அறுவடையும் திருவிழாவும் முடியட்டும் என்று காத்திராமல், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள்.