கணக்குப் படிக்க நாலு வருடம் எதற்கு?

பெரும்போக அறுவடை முடிந்திருந்த ஒரு நாளில் நாவிதன்வெளிக்குச் சென்றிருந்தேன். கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்துதான் போக வேண்டும். மாரியில் அதன் மேலாக வெள்ளம் பாய்ந்து, இரு கரை மக்களும் அவதிப்பட்ட காலங்களை இப்பகுதி வாசகர்கள் நன்கறிவர். அங்கு நெல் வியாபாரம் செய்யும் ஒரு சகோதரரின் வீட்டில் தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது அவர் கேட்ட கேள்விதான் இவ்வாரம் என்னை எழுதத் தூண்டியது.

"காக்கா, மகள் ஏ.எல். கொமர்ஸ்ல நல்லாச் செஞ்சிருக்கா. கெம்பஸுக்குப் போடுறதா, இல்லாட்டி நேரே கொழும்புக்கு அனுப்பி சார்ட்டட் படிக்க வைக்கிறதா? கணக்குப் படிக்க நாலு வருஷம் என்னத்துக்கு?"

மகள் கதவருகே நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். அன்று அவசரத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஏனெனில், இக்கேள்வி நாவிதன்வெளியில் மட்டுமல்ல, கல்முனையிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் உயர்தர வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளைகளின் வீடுகளில் வருடா வருடம் எழுகின்ற கேள்வியாகும்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறேன். நான் பட்டதாரி அல்லன். உயர்தரம் முடித்ததும் கொழும்புக்குச் சென்று, கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிற்சி பெற்றுக்கொண்டே தொழில்சார் பரீட்சைகளை எழுதியவன். பரீட்சை மீதியைச் சமப்படுத்துவதில் என்னை யாரும் வெல்ல முடியாது என்ற எண்ணம் அக்காலத்தில் எனக்கிருந்தது. ஒருமுறை அரிசி ஆலையொன்றின் கணக்கை முடித்துக் கொடுத்தபோது அதன் உரிமையாளர் கேட்டார்: "தம்பி, லாபம் எண்டு எழுதியிருக்கீங்க. அப்ப ஏன் என்ட கையில காசில்ல?" கடனுக்கு விற்ற அரிசியும், களஞ்சியத்தில் கிடந்த நெல்லும், புதிதாக வாங்கிய இயந்திரமும் காசை விழுங்கியிருந்தன. எனக்கு அது தெரியும். ஆனால் அம்மனிதருக்கு விளங்கும்படி நாலு வசனத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு திரும்பி வந்தேன். இலக்கத்தைக் கற்றிருந்தேனே தவிர, அதைப் பேசக் கற்றிருக்கவில்லை.

கணக்கீடு என்பது கூட்டலும் கழித்தலும்தான் என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. கூட்டலைக் கணினி செய்து விடும். மனிதன் செய்ய வேண்டியது தீர்ப்பு. நாவிதன்வெளி வயலையே எடுத்துக் கொள்வோம். நிதியாண்டு முடியும் நாளில் வயலில் பச்சையாக நிற்கும் நெல்லின் பெறுமதி என்ன? எமது நாட்டின் கணக்கீட்டு நியமங்களில் 41 ஆம் இலக்க நியமம் விவசாயத்துக்கென்றே உள்ளது. உயிருள்ள பயிரை நியாயப் பெறுமதியிலிருந்து விற்பனைச் செலவைக் கழித்து மதிப்பிட வேண்டும் என்பதே அதன் பொது விதி. விதைத்துச் சில நாட்களே ஆன பயிருக்குச் செலவழித்த தொகையையே அண்ணளவான பெறுமதியாகக் கொள்ளவும் இடமுண்டு. விலை எப்படிப் போகும், வெள்ளம் வருமா, ஈரப்பதன் எவ்வளவு என்பதையெல்லாம் சிந்திக்காமல் இதற்கு விடை எழுத முடியாது. இதற்குப் பொருளியல் வேண்டும், சட்டம் வேண்டும், ஊர் நிலவரமும் வேண்டும்.

கணக்குச் சமப்பட்டால் அது உண்மையாகி விடாது என்பதையும் நாம் கண்டோம். இந்தியாவின் சத்யம் கணினி நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரியில் தாமே ஒப்புக் கொண்டார், ஐந்தொகையில் காட்டிய 5,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேற்பட்ட காசு வங்கியில் இல்லையென்று. அக்கணக்குகளுக்கு ஆண்டுதோறும் கணக்காய்வாளர்கள் ஒப்பமிட்டிருந்தனர். இரட்டைப் பதிவு முறை அங்கே பிழைக்கவில்லை, மனிதர்கள்தான் பிழைத்தார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக் கொள்ளுமாறு பணிக்கும் அல்பகராவின் 282 ஆவது வசனம், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதையும் சேர்த்தே பணிக்கிறது.

அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்ற ஒரு வகை உண்டு. எந்தப் பாடத்தைப் பிரதானமாக எடுத்தாலும் எழுத்து, வரலாறு, மெய்யியல், விஞ்ஞானம் என்பவற்றிலும் மாணவர் கை வைக்க வேண்டும். இவற்றுள் அம்ஹெர்ஸ்ட், வில்லியம்ஸ் போன்ற பழைய கல்லூரிகளில் கணக்கீடு ஒரு பிரதான பாடமாகவே இல்லை. அது தொழில், கல்வியன்று என்பது பழைய வாதம். ஆனால் கலிபோர்னியாவிலுள்ள கிளேர்மொண்ட் மெக்கென்னா கல்லூரி பொருளியலையும் கணக்கீட்டையும் இணைத்தே ஒரு பிரதான பாடநெறியாகக் கற்பிக்கிறது. நான் இரண்டாவது கட்சி.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951 இல் முஸ்லிம்கள் தொடங்கிய கலைக் கல்லூரிகள். தமிழ்நாட்டின் இத்தகைய கல்லூரிகளில் பி.கொம். படிக்கும் பிள்ளையும் மொழிப்பாடமும் ஆங்கிலமும் படித்தாக வேண்டும்.

எமது நாட்டிலேயே இதற்குப் பழைய சான்று உண்டு. அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரியை ஆரம்பித்தார்கள். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் மெய்யியலும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்ட இடம் அது. அங்கு படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பின்பு சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலையில் கணக்காய்வாளராகப் பணிபுரிந்தார். 1887 இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டு வந்தவரும் அவரே. ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டுப் பிழை களைவதும் பற்றுச்சீட்டோடு பேரேட்டை ஒப்பிடுவதும் ஒரே பொறுமையைக் கேட்கும் வேலைகள். இலக்கியம் படித்தவன் கணக்குக்கு உதவான் என்பார் இவரைச் சிந்திக்கட்டும்.

மறுபக்க வாதத்தையும் ஒதுக்கக் கூடாது. பட்டம் மட்டும் ஒருவரைப் பட்டயக் கணக்காளர் ஆக்காது. 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளும் மூன்று வருடப் பயிற்சியும் தனியே உள்ளன. நாலு வருடம் படித்து விட்டு அரச நியமனத்துக்காக வீட்டில் காத்திருக்கும் பட்டதாரிகளையும் பார்க்கிறோம். நெல் வியாபாரியின் அச்சம் நியாயமானதே.

ஆனால் இது அதுவா இதுவா என்று தெரிவு செய்யும் விடயமல்ல. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு வருடமே பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் அவர்களின் முயற்சியை இதில் எவரும் மறுப்பதற்கில்லை. அங்கே முகாமைத்துவ வர்த்தக பீடம் இருக்கிறது. அதே வளவில் கலை கலாசார பீடமும் இருக்கிறது. கல்விக் கட்டணமில்லை. வசதி குறைந்தோருக்கு மஹாபொல இருக்கிறது. கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் வகுப்புக் கட்டணமும் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். துறை சார்ந்த பட்டதாரிகளுக்குத் தொழில்சார் பரீட்சைகளில் சில பாடங்களுக்கு விலக்களிப்பும் கிடைக்கின்றது. எனவே பட்டப்படிப்போடு சேர்த்தே ஏ.ஏ.ரி.யையோ பட்டயப் பரீட்சையின் முதற் கட்டத்தையோ ஆரம்பித்தால், பட்டமளிப்பு நாளில் பிள்ளை வெறுங்கையோடு நிற்கமாட்டாள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகம் சென்றும் குறிப்புக் கொப்பியை மனனம் செய்து பரீட்சை எழுதினால் அந்த நாலு வருடமும் வீணே. கலைப்பீட விரிவுரை ஒன்றைப் போய்க் கேளுங்கள். விவாத மேடையில் ஏறுங்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதப் பழகுங்கள். விடுமுறையில் வாப்பாவின் நெல் கணக்கை எடுத்து, ஏன் கையில் காசில்லை என்பதை அவருக்கு விளங்கும்படி சொல்லிப் பாருங்கள். அதில் சித்தியடைந்தால் எந்தச் சபையிலும் பேசலாம்.

பெண் பிள்ளைகளின் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. கொழும்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், பக்கத்திலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பாமல் இரண்டையும் மூடி விடுகின்றனர். "கொழும்பா, கெம்பஸா" என்ற கேள்வி பல வீடுகளில் "ஒன்றுமே இல்லை" என்ற பதிலில் முடிந்திருப்பதை நான் அறிவேன். நட்டம் அங்குதான் தொடங்குகிறது, அதை எந்தக் கணக்காளரும் ஐந்தொகையில் காட்டுவதில்லை.

நான் எழும்பும்போது அச்சகோதரர், "அப்ப ஃபோமைப் போடுவம், காக்கா" என்றார். முதலில் மகளிடம் கேளுங்கள் என்றேன். அவள் ஏற்கனவே விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தாள்.